டிவிடி பர்ன் பண்ண முக்கால் மணி நேரமா? புது டிரைவ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



கும்பாபிஷேக டிவிடி எங்கேன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. மண்டலாபிஷேகம் 48-வது நாள் பூர்த்தி அன்னிக்குக் கொடுக்கிறதா நாங்கதான் வாக்கு கொடுத்தோம். மொத்தம் 120 டிஸ்க். ஆபிஸ்ல ரசீது அடிக்கிற பழைய லேப்டாப்ல உட்கார்ந்தோம் (இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான், இண்டர்நெட் கிடையாது, அதனாலதான் உயிரோட இருக்கு). ஒரு டிஸ்க் முடிய 45 நிமிஷம் ஆச்சு. கணக்குப் போட்டா 90 மணி நேரம். கையில இருந்தது ஆறு நாள். எல்லாரும் வேலை முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் கோயிலுக்கு வர்றவங்க.

உடனே ரெண்டு பேச்சு கிளம்புச்சு. ஒண்ணு, "டிரைவ் போச்சு, புதுசு வாங்கிடலாம்." இன்னொண்ணு, "இந்தக் காலத்துல யாருங்க டிவிடி பார்க்கிறா? க்யூஆர் கோடு ஒட்டிட்டா போதும்." ரெண்டையும் நாங்க ஒத்துக்கல.

க்யூஆர் கோடு வேண்டாம்னு சொல்லல, அதுவும் ஒட்டியாச்சு. ஆனா பெயர் கொடுத்தவங்க லிஸ்டைப் பாருங்க. முக்கால்வாசி தாத்தா பாட்டிங்க. தோட்டத்துல இருந்து பஸ் ஏறி வந்து, கூட்டத்துல கலசத்தைக் கண்ணால பார்க்க முடியாம, மேல தெளிச்ச தண்ணி மட்டும் பட்டுத் திரும்பிப் போனவங்க. அடுத்த கும்பாபிஷேகம் 12 வருஷம் கழிச்சு. அவங்க வீட்டு டிவிக்குக் கீழ இருக்கிறது டிவிடி பிளேயர்தான். அவங்ககிட்ட லிங்க் அனுப்புறேன்னு சொல்றது, கொடுக்க மாட்டேன்னு சொல்றதுக்குச் சமம்.

சரி, லேப்டாப் விஷயத்துக்கு வருவோம். டிவிடியில 1 எக்ஸ்னா விநாடிக்கு சுமார் 1.4 மெகாபைட். 4.7 ஜிபி டிஸ்க் முழுசா எழுத கிட்டத்தட்ட 57 நிமிஷம். அப்போ 45 நிமிஷம்னா நம்ம 8 எக்ஸ் டிரைவ் 1 எக்ஸைக் கொஞ்சம் தாண்டி நகருதுன்னு அர்த்தம். எர்ரர் எதுவும் வராது, ஏன்னா டேட்டா வந்து சேரலன்னா டிரைவ் நின்னு, காத்திருந்து, விட்ட இடத்துல இருந்து தொடரும். டிஸ்க் கெடாது, நம்ம ராத்திரிதான் கெடும்.

முதல்ல நாங்க செஞ்ச தப்பு, பென்டிரைவ்ல இருந்தே நேரா பர்ன் பண்ணினது. ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டு எழுதினோம். கொஞ்சம்தான் குறைஞ்சது. பர்ன் ஓடும்போது மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்ததைப் பார்த்தப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு.

மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக், மேனேஜ், டிவைஸ் மேனேஜர். அதுல ஐடிஇ கன்ட்ரோலர்களைத் திறந்து, டிரைவ் மாட்டியிருக்கிற செகண்டரி சேனல், பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ். அங்க "பிஐஓ மோட்"னு இருந்துச்சு. இருக்க வேண்டியது டிஎம்ஏ. வித்தியாசத்தை அன்னதானக் கூடம் மாதிரி நினைச்சுக்குங்க. டிஎம்ஏன்னா பரிமாற தனி ஆள் இருக்கு. பிஐஓன்னா சமையல்காரரே ஒவ்வொரு வாளியையும் தூக்கிட்டுப் பந்திக்கு ஓடணும். லேப்டாப்போட மூளை முழுக்க அதுலயே போயிடும்.

இது எப்படி மாறுச்சு? யாரும் கை வைக்கல. டிரைவ்ல தொடர்ந்து பிழை வந்தா எக்ஸ்பி தானாவே டிஎம்ஏவை விட்டு பிஐஓவுக்கு இறங்கிடும், நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாது. போன மாசம் கீறல் விழுந்த பழைய திருவிழா டிஸ்க் ஒண்ணைப் படிக்க வைக்க மல்லுக்கட்டினோம். அங்கதான் வினை ஆரம்பிச்சிருக்கணும்னு எங்க கணிப்பு.

அந்த செகண்டரி சேனலை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் செஞ்சோம். விண்டோஸ் அதைத் திரும்பக் கண்டுபிடிச்சு டிஎம்ஏவுல போட்டுச்சு. செலவு ஒரு வெள்ளி கூட இல்ல. உபயக்காரங்க கொடுத்த காசை எடுத்து டிரைவ் வாங்கியிருந்தா, அது தேவையில்லாத செலவாப் போயிருக்கும்.

இங்க எங்களுக்குள்ளயே ஒரு சண்டை. இளைய பசங்க 8 எக்ஸ்ல போடலாம்னாங்க. நாங்க 4 எக்ஸ்தான்னு நின்னோம். டிஸ்க்குக்கு 15 நிமிஷம், மொத்தம் 30 மணி நேரம், ஆறு ராத்திரிக்குப் பிரிச்சா ஐஞ்சைஞ்சு மணி. வேகமா எழுதின டிஸ்க்கைப் பழைய பிளேயர் சில நேரம் படிக்காம முரண்டு பிடிக்கும். வீட்டுல பாட்டி போட்டுப் பார்த்து "நோ டிஸ்க்"னு வந்தா, அதைச் சரி பண்ண யார் போவா? பேர் தெரியாத மலிவு டிஸ்க்கும் வேண்டாம். டிரைவுக்கு அடையாளம் தெரியாத டிஸ்க்னா அதுவே வேகத்தைக் குறைச்சிடும்.

மற்ற கோயில் தொண்டர்களுக்கு ஒண்ணு. ஃபோன்ல எடுத்த வீடியோவை டிவிடிக்கு மாத்துற வேலை மணிக்கணக்கா ஓடும். அது பர்ன் இல்ல, அதுக்கு டிரைவைத் திட்டாதீங்க. ஒரு தடவை மாத்தி வச்சுட்டு, அதையே எல்லா டிஸ்க்கிலும் எழுதுங்க.

நேத்து ராத்திரி வரை 84 முடிஞ்சிருக்கு. மிச்சம் 36. கவர்ல பெயர் எழுத, நல்ல கையெழுத்து உள்ளவங்க ரெண்டு பேர் இன்னிக்கு ராத்திரி பூஜைக்கு அப்புறம் ஆபிஸுக்கு வாங்க. டீ உண்டு.