தொட்டி மணலில் பழுப்புப் படலம்: குற்றம் மீனில் இல்லை, ஊற்றும் தண்ணீரில்

கேள்வி: மகளிர் குழுப் பயிற்சி முடித்து, வீட்டில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் 40 கோமாளி மீன் குஞ்சுகள் விட்டு ஐந்து வாரம் ஆகிறது. போர் தண்ணீரில் கடல் உப்புக் கலவை சேர்த்து ஊற்றுகிறோம். மூன்றாம் வாரத்திலிருந்து மணல் மேல் பழுப்பாகப் படர்கிறது. வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்றியும் முன்பைவிட அதிகமாகத்தான் வருகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் மயில்துத்தம் போடச் சொல்கிறார். குழுக் கடனில் வாங்கிய குஞ்சுகள். போடலாமா?
(ராமநாதபுரம் மாவட்ட வாசகி)

பதில்: மயில்துத்தம் போடவே கூடாது. அதில் உள்ள தாமிரத்தைக் கடல் மீன்களின் சில ஒட்டுண்ணி நோய்களுக்குப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அது தனித் தொட்டியில், மிகக் குறைந்த அளவில், சோதனைப் பெட்டி வைத்து அளந்து செய்யும் வேலை. கைப்பிடிக் கணக்கில் போட்டால் குஞ்சுகளே சாகும். பாசி ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீரில் பிராணவாயுவும் குறையும். சிப்பி, பவள மணலில் தாமிரம் தங்கிவிடும் என்பதால் பிறகு அந்த மணலை நம்பி நத்தை, இறால் எதையும் விட முடியாது.

வாசகி சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது பெரும்பாலும் டையாட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் வருவது வழக்கம். நோய் அல்ல. இதன் உடல் கூடு சிலிக்காவால் ஆனது. நெல் இலையின் ஓரம் கையை அறுப்பதும், உமிச் சாம்பல் நறநறப்பதும் இதே சிலிக்காவால்தான். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் கீட்டோசெரஸ் என்ற டையாட்டத்தைக் குஞ்சுகளின் தீவனத்துக்காகவே வளர்க்கிறார்கள். அதற்குச் சிலிக்கேட் உப்பை உரம்போல் இடுவார்கள்.

அந்த உரத்தைத்தான் இந்தத் தொட்டிக்கும் தெரியாமல் இட்டு வருகிறார்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பாறையையும் மணலையும் கடந்து வருவதால் சிலிக்கா கரைந்திருக்கும். பாதித் தண்ணீரை மாற்றும் ஒவ்வொரு முறையும் 100 லிட்டர் நீரில் புதுச் சிலிக்கா தொட்டிக்குள் போகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவதும் போர் தண்ணீரானால், நீர் மட்டும் ஆவியாகிச் சிலிக்கா தங்கிவிடும். மாற்ற மாற்றப் பாசி கூடுவதன் காரணம் இதுதான்.

ஆகவே முதலில் தண்ணீரின் மூலத்தை மாற்ற வேண்டும். ஆர்.ஓ. நீர் நல்லது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் பழைய நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு இருந்தால் அதை மூடிவிட வேண்டும். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. கரைந்த சிலிக்காவை அது காட்டாது. செலவில்லாத வழி மழைநீர். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் திறந்தவெளியில் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்புக் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் சேர்க்கலாம். சிமெண்டுத் தொட்டியில் சேர்க்க வேண்டாம்.

இனி வாரம் ஒரு முறை 20 லிட்டர் மாற்றினால் போதும். புது நீரில் உப்பைக் கரைத்து ஒரு நாள் காற்றூட்டி, தொட்டியின் உப்பளவும் வெப்பமும் பொருந்திய பிறகே ஊற்ற வேண்டும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத நீரை மட்டும் தினமும் ஊற்ற வேண்டும்.

மாற்றும்போது மெல்லிய குழாயால் மணலின் மேற்பரப்புப் படலத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கலாம். மணலை அடிவரை கிளறக் கூடாது. அடியில் தேங்கிய கழிவும் அழுகல் வாயுவும் மேலே வந்து மீனைக் கொல்லும். தீவனம் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும். விளக்கு நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சன்னல் வெயில் தொட்டியில் நேராக விழக் கூடாது. குஞ்சு வளர்க்கும் தொட்டிக்கு மணலே கட்டாயம் இல்லை. அடுத்த முறை மணல் இல்லாமல் வளர்த்தால் துடைப்பது எளிது.

படலத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பதும் அவசியம். தூசிபோல் இருந்து, விரல் பட்டதும் கலைந்தால் டையாட்டம். சளிபோல் நூல்நூலாகத் தொங்கி, நுனியில் காற்றுக் குமிழ் நின்று, இரவில் குறைந்து பகலில் திரும்பினால் அது டைனோ என்னும் வேறு வகை. சிலவற்றுக்கு நஞ்சும் உண்டு. செம்பழுப்புத் தோல்போல் உரிந்து வந்து நாற்றம் அடித்தால் அது சயனோபாக்டீரியா. இவ்விரண்டில் ஒன்றெனத் தோன்றினால், தொட்டி நீரையும் படலத்தையும் பாட்டிலில் எடுத்துக்கொண்டு மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தை அணுகலாம். நுண்ணோக்கியில் பார்த்தால் வகை தெரிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. கடல் அட்டையைப் பிடித்து விட்டால் மணலைச் சுத்தம் செய்யும் என்று சிலர் சொல்வார்கள். அது மணலை மேய்வது உண்மைதான். ஆனால் கடல் அட்டையும் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். தொட்டியைச் சுத்தம் செய்யப்போய் வழக்கில் சிக்க வேண்டாம்.

பழுப்பைவிட இப்போது கவனிக்க வேண்டியது அம்மோனியா. புதுத் தொட்டிக்கு 40 குஞ்சுகள் அதிகம்தான். மீன்கள் மேற்பரப்பில் வந்து மூச்சு வாங்கினாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ உடனே சோதனைப் பெட்டியில் பார்த்து, தீவனத்தை நிறுத்தி, காற்றூட்டத்தைக் கூட்டி, பொருத்தமான நீரால் பகுதி நீரை மாற்ற வேண்டும். மீன்கள் சுறுசுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிலிக்கா வரத்து நின்றால் சில வாரங்களில் படலம் தானாகவே மெலியும். அதுவரை கடனை நினைத்து அவசரப்பட்டு எந்த மருந்தும் போடாமல் இருப்பதே குஞ்சுகளைக் காப்பாற்றும்.