பஞ்சப்படிக்குப் போராடியவர் ஷெல் கம்பெனிக்குப் போன கதை

ஹாலந்து நாட்டின் முன்னாள் பிரதம மந்திரி விம் கோக் 2018 அக்டோபரில் காலமானார். பெரிய ராஜதந்திரி, பக்குவமானவர், முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தவர் என்று அவருக்குப் புகழ்மாலைகள் குவிந்தன. இறந்தவரைத் தூற்றுவது நமது வேலையல்ல. ஆனால் ஒரு தொழிற்சங்கத் தலைவரை முதலாளி வர்க்கம் இப்படிப் புகழ்கிறது என்றால், அந்தப் புகழுக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

கோக் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன். 1938ல் பிறந்தவர். இளம் வயதிலேயே தொழிற்சங்க இயக்கத்துக்கு வந்து, 1973ல் சோஷலிஸ்ட் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். பின்னர் கத்தோலிக்கத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து எஃப்.என்.வி. என்ற பெரிய சம்மேளனம் உருவானபோது, அதற்கும் அவரே தலைவர்.

ஹாலந்துத் தொழிலாளிக்கு அன்று ஒரு பாதுகாப்பு இருந்தது. விலைவாசி ஏறினால் கூலியும் தானாக ஏறும். நம் நாட்டுத் தொழிலாளி பஞ்சப்படி என்று அழைக்கிறானே, அதுதான். 1977ல் முதலாளிகள் அதன்மீது கை வைக்கப் பார்த்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இதே விம் கோக்தான்! முதலாளிகள் பணிந்தார்கள். பஞ்சப்படி தப்பியது.

ஐந்தே வருஷம் கழிந்தது. 1982 நவம்பர் 24ந் தேதி ஓர் ஒப்பந்தம் வெளிவந்தது. எங்கே பேசி முடிக்கப்பட்டது? தொழிற்சாலை வாசலிலா? தொழிலாளர் பொதுக்கூட்டத்திலா? இல்லை. தி ஹேக் நகரின் அருகே, செல்வந்தர்கள் குடியிருக்கும் வாசனார் என்ற ஊரில், முதலாளிகள் சங்கத் தலைவர் கிறிஸ் வான் வேன் வீட்டில்! வேலைநிறுத்தம் செய்து காப்பாற்றிய பஞ்சப்படியை அங்கே தொழிற்சங்கத் தலைமை கைவிட்டது. வேலை நேரம் குறையும், வேலைகள் பெருகும் என்பது முதலாளிகள் பதிலுக்குத் தந்த வாக்குறுதி. கொடுத்தது கையிலிருந்த காசு, பெற்றது வாக்குறுதி.

வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியிருந்த காலம் அது, சர்க்கார் கூலியை முடக்குவதாக மிரட்டியது, வேறு என்ன செய்ய முடியும் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. நெருக்கடி உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடியை உண்டாக்கியது யார்? தொழிலாளியா? பணிந்து போனதால் மிரட்டல் நின்றதா? மறுவருஷமே அந்த லுப்பெர்ஸ் சர்க்கார் அரசு ஊழியர்களின் சம்பளத்தை வெட்டக் கிளம்பியது. 1983ன் இறுதியில் அவர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் குதிக்க நேர்ந்தது. ஓநாய்க்கு ஓர் ஆட்டைக் கொடுத்தால் அது சைவமாகிவிடுமா?

1986ல் கோக் பார்லிமென்டுக்குப் போனார், தொழிற்கட்சியின் தலைவரானார். 1989ல் லுப்பெர்ஸ் மந்திரிசபையில் நிதி மந்திரி, துணைப் பிரதமர். ஆம், அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டிய அதே லுப்பெர்ஸ்தான்! நம் ஆள் மந்திரியாகிவிட்டார், இனி நமக்குக் குறையில்லை என்று எத்தனை தொழிலாளர்கள் நம்பியிருப்பார்கள்?

1991 கோடையில் விடை கிடைத்தது. உழைத்து உடல் கெட்டு, வேலை செய்ய முடியாமற்போன தொழிலாளிக்கு உதவித்தொகை அளிக்கும் இன்ஷூரன்ஸ் திட்டம் அந்த நாட்டில் 1967 முதல் இருந்தது. செலவு பெருகிவிட்டது என்று கூறி அதை வெட்ட மந்திரிசபை முடிவெடுத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகொடிந்தவனின் கஞ்சியில் கை வைத்த அந்த முடிவுக்குப் பக்கபலமாக நின்றவர் நிதி மந்திரி கோக்!

1991 செப்டம்பரில் சுமார் இரண்டரை லட்சம் பேர் தி ஹேக் நகரில் திரண்டார்கள். அந்த ஆர்ப்பாட்டத்தின் முன்னணியில் நின்றது எது? கோக் தலைமை வகித்த அதே எஃப்.என்.வி. சம்மேளனம்! மந்திரி அசையவில்லை. கட்சியின் விசேஷ மாநாட்டைக் கூட்டி நம்பிக்கை ஓட்டு வாங்கிக்கொண்டார். தொழிலாளர்களோ ஆயிரக்கணக்கில் கட்சியை விட்டு வெளியேறினார்கள். 1989ல் 49 இடம் பிடித்த கட்சி 1994ல் 37க்கு இறங்கியது.

இருந்தும் அவர் பிரதம மந்திரியானார். வலதுசாரி லிபரல்களுடன் கூட்டு மந்திரிசபை! மறுவருஷம் ஒரு சொற்பொழிவில், சித்தாந்த இறகுகளை உதறுவது ஒரு கட்சிக்கு ஒரு வகையில் விடுதலை தரும் அனுபவம் என்று பேசினார். யாருக்கு விடுதலை? இறகை உதறிய பறவை பறப்பதில்லை, தோழர்களே. அது சட்டிக்குத்தான் போகும்.

'வேலை, வேலை, வேலை' என்பது அந்த மந்திரிசபையின் கோஷம். வேலைகள் பெருகவில்லையா என்று கேட்பார்கள். பெருகின. எப்படிப்பட்ட வேலைகள்? ஐரோப்பாவிலேயே பகுதிநேர வேலை மிக அதிகமான நாடு ஹாலந்து. அந்த வேலைகளில் பெரும் பங்கு பெண்கள் தலையில் விழுந்தது. ஒரு முழுக் கூலியை இரண்டாகப் பிய்த்து, இருவருக்கு வேலை கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவது சுபிட்சமா?

1997ல், பெரிய கம்பெனி நிர்வாகிகள் கூச்சமின்றிச் செல்வம் சேர்த்துக்கொள்வதைப் பிரதமர் கோக் பகிரங்கமாகக் கண்டித்தார். கைதட்டலும் கிடைத்தது. 2002ல் பதவி முடிந்தது. பிறகு அவர் போய் அமர்ந்த இடங்கள் எவை? ஐ.என்.ஜி. வங்கியின் மேற்பார்வைக் குழு! ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் மேற்பார்வைக் குழு! ஐ.என்.ஜி. நிர்வாகிகளின் சம்பளம் கொழுத்தபோது, ஒப்புதல் கொடுத்த குழுவில் அவரும் இருந்தார். கண்டித்த வாயே ஆமோதித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

2008 அக்டோபரில் அந்த வங்கி தள்ளாடியபோது, மக்கள் பணத்திலிருந்து 1000 கோடி யூரோ கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கொடுத்த நிதி மந்திரி வவுட்டர் போஸ், கோக்கின் கட்சிக்காரர். அரசியலுக்கு வருமுன் அவர் ஷெல் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒருவர் ஷெல்லிலிருந்து கட்சிக்கு வந்தார். மற்றவர் கட்சியிலிருந்து ஷெல்லுக்குப் போனார். கதவு ஒன்றுதான்! ஊனமுற்ற தொழிலாளிக்குக் கொடுக்கக் காசில்லை என்ற கஜானா, வங்கிக்கு மட்டும் திறந்தது.

தொழிலாளி இதையெல்லாம் மறக்கவில்லை. 2017 தேர்தலில் தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 150 இடங்களில் ஒன்பதே ஒன்பது.

இது ஒரு தனி மனிதரின் குணக்கேடு அல்ல. கோக் லஞ்சம் வாங்கினார் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு அவசியமே இல்லை. முதலாளியின் வீட்டில் உட்கார்ந்து, தொழிலாளியின் உரிமையைப் பேரத்தில் வைக்கச் சம்மதித்த அன்றே பாதை தீர்மானமாகிவிட்டது. மந்திரி நாற்காலியும் கம்பெனி நாற்காலியும் அந்தப் பாதையின் அடுத்தடுத்த படிகளே.

சமரச மேஜைக்கு அழைப்பு வரும்போதெல்லாம் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேஜை யார் வீட்டில் போடப்பட்டிருக்கிறது? பேரம் பேசத் தலைவர் போகலாம். ஆனால் 1977ல் வென்றது மேஜை அல்ல. வேலைநிறுத்தத்தில் நின்ற தொழிலாளர் ஒற்றுமை. அந்தப் பலத்தை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போகிற தலைவர், எவ்வளவு நல்லவரானாலும், வெறுங்கையோடுதான் திரும்புவார்.