சாயமும் கண்ணும்

மகாவலிக் கரையில் வாழும் நாம் 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாவை மறக்கலாகாது. மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்க, நுளம்பு பெருகியது. இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 2016இல் மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்றோம். எனினும், பிறநாடு சென்று மீள்வோர் குருதியில் அந்நோய் இன்னும் வருகின்றது.

குருதிப் பூச்சுக்கு ஜீம்சாச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் நோக்குங்கால், ஒட்டுண்ணியின் கரு செந்நிறமாயும் குழியவுரு நீலமாயும் புலப்படும். நோய் அருகிய நாட்டில் அதனை இனங்காணும் கண்ணும் அருகிவிடுமோவென அஞ்சுகின்றோம். சாயமேற்றலைப் படம்பார்த்து மனனஞ் செய்தல் போதாது (மனனத்தைப் போற்றும் தமிழாசிரியராகிய நாமே இதனைச் சொல்கின்றோம்!). கல்லூரியிற் குருதி வேண்டா. ஒரு துளி தயிரும் மெதிலீன் நீலமும் போதும். மாணவர் தாமே பூசி, உலர்த்தி, சுடரில் வாட்டி, சாயமிட்டுக் கழுவிப் பார்க்கட்டும். முதன்முறை பிழைத்தால் மீண்டுஞ் செய்யட்டும்.