பெயரை மறைக்கும் வசதியைப் பற்றிப் பேசுங்கள்

மூடில் என்னும் இணையவழிக் கற்றல் மென்பொருளை ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் 2002இல் வெளியிட்டார். கட்டற்ற மென்பொருள்; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். அதன் பயனர்கள் கூடும் மாநாட்டுக்கு ‘மூடில்மூட்’ என்று பெயர். ‘மூட்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் ஊர்க்கூட்டம்.

ஊர்க்கூட்டம் என்றதும் நமக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: யாருக்கு அங்கே இடம்? ஆசிரியர்கள், நிர்வாகிகள், நிரலாளர்கள் பேசுகிறார்கள். மாணவர்கள் பேசுபொருளாகவே இருக்கிறார்கள்.

முதுகலை படித்தபோது உதவித்தொகைப் பட்டியலில் என் பெயர் ஒட்டப்பட்டது. அதன் பிறகு என் கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைந்தது. நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை. விடைத்தாளில் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

மூடிலின் ஒப்படைப்புப் பகுதியில் பெயரை மறைத்துத் திருத்தும் வசதி உண்டு. ஆனால் அது தானாக இயங்காது. யாராவது முடுக்கிவிட வேண்டும். முதல் மாணவர் ஒப்படைத்துவிட்டால் அப்புறம் மாற்றவும் முடியாது. மென்பொருளுக்குச் சாதி தெரியாது என்பார்கள். திருத்துபவருக்குத் தெரியுமே!

இந்த வசதியைத் தளம் முழுமைக்கும் இயல்பாக்கிப் பூட்டிவைக்க நிர்வாகியால் முடியும். சில நிமிட வேலை. இந்தியாவில் இம்மாநாடுகளில் கூடும் கல்வியாளர்கள் இதை முதல் அமர்வில் பேசட்டும். கட்டணமின்றி மாணவர்களையும் மேடையேற்றட்டும்.

பெயரை மறைப்பதால் சாதி ஒழியாது. நேர்காணலும் வாய்மொழித் தேர்வும் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் கையில் இருக்கும் ஒரு கதவையாவது அடைக்கலாம். எங்கள் மதிப்பெண்ணை இனியும் ஆசிரியரின் நல்லெண்ணத்திடம் விட்டுவைக்க முடியாது.