உரிமம் கிடைத்த முதல் ஓராண்டு

இல்லத்தில் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அன்று முதல் அக்குடும்பத்தின் அன்றாட ஒழுங்கே மாறிவிடுகிறது. ஒருவர் நோயாளியின் உடனிருக்கிறார். மற்றொருவர் பணம் திரட்ட அலைகிறார். வீட்டில் காய்ச்சிய கஞ்சியையும் மாற்றுத் துணியையும் கொண்டுவந்து சேர்க்கும் பணி பெரும்பாலும் வீட்டின் இளையவரிடம் வந்து சேர்கிறது. அவரிடம் ஒரு மொபெட் இருக்கும்; அண்மையில் பெற்ற ஓட்டுநர் உரிமமும் இருக்கும். அந்த இளையவரைக் குறித்தே இக்கட்டுரை. உரிமம் என்பது ஓட்டிப் பழகுவதற்கான தொடக்க அனுமதியே. முதல் ஓராண்டுக்குரிய விதிகளைக் குடும்பமே வகுத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லுபடியாகும். 30 நாள் கடந்தபின் ஓட்டுநர் உரிமத்துக்குரிய தேர்வை எழுதாமல், ஓட்டிக் காட்டித் தேறலாம். பழகும் காலத்தில் வண்டியில் 'எல்' பலகை இருத்தல் வேண்டும். கற்றுத் தருபவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றலாகாது. பின்னர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கால் ஊன்றாமல் '8' போட்டுக் காட்டினால் உரிமம் கிடைக்கிறது. அந்த எட்டு, வண்டியைச் சாயாமல் திருப்பத் தெரியும் என்பதற்குச் சான்று. எதிரே வரும் பேருந்தின் வேகத்தை மதிப்பிடவும், மழைநீர் மூடிய பள்ளத்தை ஊகிக்கவும் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. ஆயினும் உரிமம் வந்த மறுநாளே, முந்தைய நாள் வரை இருந்த கட்டுப்பாடுகள் நீங்கிவிடுகின்றன. பிரிட்டனில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேறிய முதல் 2 ஆண்டுகளுக்குள் 6 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். மீண்டும் தேர்வில் தேற வேண்டும். நம் சட்டத்தில் அத்தகைய இடைக்காலம் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே.

வயதைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 16 வயது நிரம்பியவர் 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை ஓட்ட இடமளிக்கிறது. அதற்குப் பெற்றோரின் எழுத்து வடிவ ஒப்புதல் வேண்டும். 1980இல் டி.வி.எஸ். 50 வெளிவந்த காலத்தை ஒட்டிய வரம்பு இது. இன்று பல வீடுகளில் நிற்கும் எக்ஸ்.எல். 100 மொபெட்டின் எஞ்சின் திறன் 99.7 சி.சி. எனவே 16 வயதில் பெற்ற உரிமத்துடன் அதனை ஓட்டுபவர், சட்டத்தின் பார்வையில் அதற்குரிய உரிமம் இல்லாதவர். 18 வயது நிரம்பாதவர் இவ்வாறு ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு நீக்கப்படும். ஓட்டியவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. "தெருமுனை வரைதானே" என்று சாவியைக் கொடுப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மொபெட் எளிய வண்டி. கியர் இல்லை, எடை குறைவு. அந்த எளிமையே அசட்டைக்கு இடந்தருகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த ஒரு நொடி கழிந்துவிடும். வண்டி நிற்பதற்கான தூரம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். முன்புறக் காலிடத்தில் தண்ணீர்க் குடமோ எரிவாயு உருளையோ இருந்தால் கைப்பிடியைத் திருப்புவதும் கடினம். பழகிய கைகள் இவற்றைத் தாமே ஈடுசெய்து கொள்ளும்; புதிய கைகளுக்கு அது இன்னும் கைவரவில்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இருசக்கர வாகனங்களில் தலைக்கவசமின்றிச் சென்று இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். ஒருபுறமாக அமர்ந்து, ஒரு கையில் பையையும் மறு கையில் குழந்தையையும் பிடித்திருக்கும் தாய், கவனியாத வேகத்தடையில் பின்புறமாக விழுந்தால் முதலில் தரையில் மோதுவது தலையே. தலைக்கவசம் தலைக்காயத்தின் வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடும், இறப்பின் வாய்ப்பை 42 விழுக்காடும் குறைப்பதாக மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று காட்டுகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவும், தாடைப்பட்டை பூட்டப்பட்டதாகவும் இருந்தால்தான் இப்பயன் கிட்டும். ஓட்டுபவர், பின்னிருப்பவர், 4 வயதைக் கடந்த குழந்தை ஆகிய அனைவருக்கும் அது சட்டப்படி கட்டாயம்.

ஆகவே முதல் ஓராண்டுக்கு வீட்டளவில் சில விதிகளை முன்வைக்கிறேன். முதல் 6 மாதம் பின்னால் எவரையும் ஏற்ற வேண்டா. முன்னாலும் சுமை வேண்டா. இருட்டிய பின்பும் மழையிலும் தனியே அனுப்ப வேண்டா. நெடுஞ்சாலையைத் தவிர்த்து, பழகிய தெருக்களிலேயே செல்லட்டும். நோயாளியின் அருகில் இரவு முழுதும் கண்விழித்தவர் காலையில் வண்டி எடுக்கலாகாது. உறங்கி எழுந்த பின்பே எடுக்க வேண்டும்.

"பேருந்து இல்லை, ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை, வேறு யார் போவது?" என்று பலர் கேட்பர். நியாயமான கேள்விதான். வறுமையும் அவசரமும் அறிவுரையால் தீர்வன அல்ல. எனினும் அவசரத்தின் ஒரு பகுதி நம் திட்டமின்மையால் விளைவது. இரவுக்குத் தேவைப்படும் மருந்துகள் எவை என்று பிற்பகலிலேயே செவிலியரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேட்கும் முன்பே சொல்லிவிடுவது மருத்துவமனைப் பணியாளர்களின் கடமையும் ஆகும். பக்கத்துக் கட்டிலின் உறவினர் அதே ஊர்க்காரராயின், இரு வீட்டு உணவும் அனுபவமுள்ள ஒருவர் கையில் வரலாம்.

இறுதியாக, படுக்கையில் இருக்கும் நோயாளிகளிடமும் உடனிருப்போரிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டிலிருந்து புறப்பட்டுவிட்ட பிள்ளையை, "எங்கே வருகிறாய், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கைபேசியில் அழைக்காதீர்கள். பையில் ஒலிக்கும் அழைப்பு அவர் கண்ணைச் சாலையிலிருந்து விலக்கும். அது அன்னையின் அழைப்பாயின் ஒரு கையால் எடுக்கவும் தூண்டும். கஞ்சி ஆறினால் சூடாக்கிக் கொள்ளலாம். வந்து சேர்ந்ததும் அவரே அழைக்கட்டும்.