கோதுமை மூட்டையும் அதைக் கட்டிய கயிறும்



செம்பரம்பாக்கம் ஏரியின் பாசனத்தை அறிந்த குடும்பங்களுக்கு ஓர் உண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏரி நிரம்பியிருந்தால் மட்டும் போதாது. மதகு எவர் கையில் இருக்கிறது என்பதே கடைமடை உழவனின் கவலை. நீர் உண்டென்று தெரிந்தும், அது தன் வயலுக்கு எந்நாளில் வந்து சேரும் என்பதை அறியாதவன் நிம்மதியாகக் கண்ணுறங்க மாட்டான். 1965 முதல் 1967 வரை நம் பாரத நாடு முழுவதும் அத்தகைய கடைமடை உழவனின் நிலையில்தான் இருந்தது. மதகு கடல்களுக்கு அப்பால் வாஷிங்டனில் இருந்தது. அதைத் திறப்பதும் மூடுவதும் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் கையில் இருந்தன.

அந்நாட்களை நம் பங்குகளின் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். கோவில் வளாகத்திலும் பள்ளிக்கூடத்திலும் வரிசையில் நின்று பெற்ற பால்பொடி, கோதுமை, சோளமாவு. சாக்கின்மேல் ஒன்றையொன்று பற்றிய இரு கரங்களின் சின்னம். அமெரிக்க மக்களின் கொடை என்னும் அறிவிப்பு. அமெரிக்க ஆயர்கள் 1943-ல் தோற்றுவித்த கத்தோலிக்க நிவாரணப் பணி நிறுவனம் 1946 முதல் நம் நாட்டில் தொண்டாற்றி வந்தது. அந்த உணவால் உயிர் பிழைத்த குழந்தைகள் பலர். அதை நன்றியோடு ஒப்புக்கொண்ட பின்னரே மற்றவற்றைப் பேசுதல் முறையாகும்.

இவ்வுதவியின் வேர் எங்கே? 1954-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்ட 480-ஆம் பொதுச்சட்டத்தில் அது தொடங்குகிறது. அமெரிக்க உழவர் விளைவித்த தானியம் அந்நாட்டுக் களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்தது. அதை வெளியே அனுப்பினால் உள்நாட்டில் விலை சரியாது. உழவரின் வாக்கும் கைவிட்டுப் போகாது. பசித்தவருக்கும் சோறு கிடைக்கும். இரக்கமும் தன்னலமும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தன. 1956-ல் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்தது. 1960-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமைக்கும் 10 லட்சம் டன் அரிசிக்கும் வழி வகுத்தது. விலையை டாலரில் அன்றி நம் ரூபாயிலேயே செலுத்தலாம் என்பது அதன் பெருஞ்சலுகை.

1965-ல் மழை பொய்த்தது. முந்திய ஆண்டு 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 7 கோடியே 20 லட்சம் டன்னாக வீழ்ந்தது. மறு ஆண்டும் வானம் இரங்கவில்லை. பீகார் பஞ்சத்தின் வாயில் விழுந்தது. வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டினார். 1966-ல் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் கப்பலேறி வந்தது. கப்பல் கரை சேர்ந்தால்தான் உலை கொதிக்கும் என்பது அன்றைய நிலை.

அவ்வேளையில்தான் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தை மறுத்து, சில மாதங்களுக்கு மட்டும் போதுமான கோதுமையை அளந்து அளந்து விடுவித்தார். அதற்குக் காரணங்கள் பல. இந்தியா வேளாண்மையைச் சீர்திருத்த வேண்டும் என்பது ஒன்று. 1965 செப்டம்பரில் மூண்ட இந்திய-பாகிஸ்தான் போர் மற்றொன்று. மூன்றாவது வியட்நாம். 1965-ன் இறுதியில் அங்கே ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தனர். 1968-ல் அத்தொகை ஐந்து லட்சத்தைக் கடந்தது. 1966 ஜூன் இறுதியில் ஹனாய், ஹைபாங் நகர்களின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டுகள் வீழ்ந்தபோது, அதை நிறுத்தக் கோரினார் பிரதமர் இந்திரா காந்தி. வாஷிங்டன் சினங்கொண்டது.

அன்று தில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த செஸ்டர் பவுல்ஸ் பதிவு செய்துள்ள ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. இந்தியா சொல்வதையே ஐ.நா. பொதுச் செயலர் ஊ தாண்டும் திருத்தந்தையும் சொல்கின்றனரே என்று அவர் எடுத்துரைத்தாராம். அவ்விருவருக்கும் நம் கோதுமை தேவையில்லையே என்னும் பொருளில் மறுமொழி வந்ததாம். உண்பவன் வாய் திறந்து பேசலாகாது என்பதல்லவா இதன் பொருள்?

இந்நெருக்கடி நம் மாநிலத்தையும் உலுக்கியது. 1966 ஜூன் 6-ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் இல்லங்களை வாட்டின. 1965-ன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின் புண்ணும் ஆறவில்லை. 1967 தேர்தலில், ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்ற முழக்கத்துடன் வந்த திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியைப் பிடித்தது. நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமே தோற்றார். மத்திய உணவமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார்.

சுப்பிரமணியத்தின் தோல்வி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஏனெனில், பிறர் கை மதகினின்று நாட்டை விடுவிக்கும் வழியைத் திறந்தவர் அவரே. கும்பகோணத்தில் பிறந்த அறிவியலார் எம். எஸ். சுவாமிநாதன் போன்றோரின் துணையுடன், 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை அவர் தருவித்தார். ஒரு கோடியே இருபது லட்சம் டன்னளவில் இருந்த நம் கோதுமை விளைச்சல் 1970-71-ல் 2 கோடியே 30 லட்சம் டன்னைத் தாண்டியது. 1971 டிசம்பரில் வங்கப் போரின்போது எண்டர்பிரைஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. ஆயினும், கோதுமைக் கப்பலைக் காட்டி நம்மை அடக்கும் காலம் அதற்குள் கடந்துவிட்டது.

மதகைப் பிடித்திருந்தவரின் கதியும் வேறன்று. 1964-ல் பெருவெற்றி பெற்று, வறுமையை ஒழிப்பேன் என்று சூளுரைத்த ஜான்சன், வியட்நாம் போரால் தம் மக்களின் நம்பிக்கையை இழந்து, 1968 மார்ச் 31 அன்று மீண்டும் போட்டியிடுவதில்லை என அறிவித்தார். அப்போரில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். வியட்நாம் மக்களோ பல லட்சம் பேர். போர்க்கருவிகளுக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை வறியோர்க்கு ஒதுக்குங்கள் என்று 1964 டிசம்பரில் பம்பாயில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் உலகை வேண்டியதை அந்த அரசுகள் செவிமடுத்திருந்தால், எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும்!

இது பழங்கதை என்று எண்ணற்க. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு அயல்நாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. இரு கரங்களின் சின்னம் தாங்கிய அந்நாட்டு உதவி நிறுவனம் ஜூலை முதல் நாளோடு தனித்து இயங்குவதை நிறுத்தியது. அதை நம்பியிருந்த கத்தோலிக்க அறப்பணிகளும் பல நாடுகளில் சுருங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்கியதைக் காரணங்காட்டி, இந்தியப் பொருள்கள் மீது கூடுதலாக 25 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. திருப்பூர்த் தொழிலாளர் கலங்கினர். உக்ரைன் நாட்டுப் போரின் சுமை, அப்போரில் பங்கில்லாத தையல்காரரின் தலையில் ஏறியது.

எனினும் அமெரிக்காவைக் குறைகூறி நிறுத்திவிட்டால் நாம் கற்றது குறைவே. நம் பங்கிலும் இல்லத்திலும் நாம் பிடித்திருக்கும் சிறு மதகுகள் இல்லையா? ஏழை மாணவனுக்குக் கட்டணம் செலுத்திவிட்டு, அவன் குடும்பம் நம் சொற்படி நடக்க வேண்டுமென எதிர்பார்ப்பதில்லையா? வின்சென்ட் தே பவுல் சபையின் அரிசியைப் பெறும் விதவை, பங்குக் கூட்டத்தில் நமக்கு மாறாகப் பேசினால் நம் முகம் கறுப்பதில்லையா? கொடுத்த கையை முத்தமிடச் சொல்பவன் கொடுத்ததை விற்றவனாகிறான்.

இம்மாதம் நீங்கள் எவருக்கேனும் உதவும்போது, அவர் நாளை உங்களுக்கு எதிராக வாக்களித்தாலும் இதைக் கொடுப்பேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் என்னும் விடை வருமாயின், அதுவே கயிறில்லாத கொடை.