தராசுத் தட்டும் காணிக்கைத் தட்டும்

மலேசியாவின் கேமரன் மலையில் ஞாயிறு ஆராதனை முடித்து வீடு திரும்பும் தமிழ்க் கிறிஸ்தவர், மறுநாள் விடியலில் பனி விலகுமுன் தோட்ட வேலைக்குப் புறப்படுகிறார். ஆலயத்தில் கூப்பிய கையே தோட்டத்தில் கொழுந்தையும் நிறுக்கிறது. அவர் யார் என்பதற்குச் சான்று தர வேண்டியது அந்த இரண்டாம் இடமே என்பது எம் துணிபு.

1885-இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த இம்மலையில், 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். காடு திருத்திச் சரிவுகளில் கன்று நட்ட கைகளுள் தமிழர் கைகள் பல. தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் குடியேறியோருள் மாரியம்மனை வணங்கியோரே மிகுதி, வேதக்காரர் எனப்பட்ட கிறிஸ்தவர் சிலர். பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் இருசாரார்க்கும் ஒரே பெயர்தான்: கூலி. அப்பெயரை மறுத்துரைக்கும் துணிவை வேதக்காரருக்குத் திருமறையின் முதல் நூலே தந்திருந்தது. மனிதன் இறைவனின் சாயல் என்கிறது அது. துரையின் ஏடு எதை எழுதினும் அச்சாயல் அழியாது.

எனினும், இந்த அடையாளம் ஆறுதல் மட்டுமன்று, கடமையுமாகும். நான் இறைச்சாயலெனில், எதிரில் நிற்பவனும் இறைச்சாயலே. இதை ஏற்கத் தமிழ்த் திருச்சபையே தயங்கியதுண்டு. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, தென்னகச் சபைகள் சிலவற்றில் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. மறுபுறம், சி.எஃப். ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலேயக் குரு, பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகள் பட்ட துயரை 1915-இல் நேரிற் கண்டு உலகறியச் செய்தார். 1917-இல் அந்த ஒப்பந்தக் கூலி முறைக்கான ஆள்சேர்ப்பு நின்றதில் அவர் உழைப்புக்கும் பங்குண்டு. மறைநூல் ஒன்றே, சிலர் அதைக் கொண்டு இருக்கைகளைப் பிரித்தனர், ஒருவர் அதைக் கொண்டு விலங்கைத் தளர்த்தினார்.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்து வெட்டுவோருள் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர் பலர். லயத்துப் பிள்ளைகள் பலர் படித்து நகரேகினர். எஞ்சியோருள் சிலர் மேற்பார்வையாளராயினர். நேற்றுவரை அதட்டப்பட்டவரின் பேரன் கையில் இன்று அதட்டும் அதிகாரம். எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள் என்று இஸ்ரவேலருக்கு நினைவூட்டிய மோசேயின் சட்டம், இவரையன்றி வேறு யாரை நோக்கும்?

அச்சட்டம் கேட்பது அரிய தவமன்று. நிறுவையில் ஒரு கிலோவும் குறையாதிருக்கட்டும். பிறர் கடவுச்சீட்டை உரிமையின்றிக் கைக்கொள்வதை 1966-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் குற்றமென்கிறது. விசுவாசி அதைப் பாவமென்றும் உணரட்டும். 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்ச மாத ஊதியம், தட்டிக் கேட்க மொழியறியாதவனுக்கும் முழுமையாய்ச் சேரட்டும். அறுவடைக்காரருக்குத் தராமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபின் நிருபம் எச்சரிப்பது வயலுக்கு மட்டுமன்று, தேயிலைச் சரிவுக்கும் பொருந்தும்.

ஞாயிறன்று காணிக்கைத் தட்டில் விழுவதைச் சபை எண்ணும். திங்களன்று தராசுத் தட்டில் குறைவதை, முதுகில் கூடையோடு நிற்பவன் அறிவான். அவனைத் தன் சாயலாய்ப் படைத்தவரும் அறிவார்.